டாரல் வந்தால் முதலில் சொல்ல வேண்டியது

கல்வாரா,
பிப்ரவரி 11, 1962

அன்பு மகள் ரோஸ்லினுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் ஈவனும் குட்டி அலெக்கும் அந்த ஊர்க் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன், எங்கள் சுகத்தைப் பற்றி எழுத வேண்டிய வரியைக் காலியாக விட்டுவிட்டு மேலே போகிறேன், படித்து முடிக்கும்போது உனக்கே புரியும். உறையின் மேல் என் கோணல் எழுத்தைப் பார்த்ததுமே நீ பயந்திருப்பாய். அம்மா உயிரோடுதான் இருக்கிறாள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு எழுதுவதெல்லாம் அவள் வேலை, நான் கடைசியில் ஒரு ஓரத்தில் என் பேரைப் போடுவதோடு சரி. இந்த முறை அவள் இரண்டு நாளாகத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், உன் பேரை எழுதினாள், அதற்கு மேல் போகவில்லை, "நீங்களே எழுதுங்க கிளெம், என்னால முடியல" என்று பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள். அலெக்குக்கு இரண்டு பல் முளைத்துவிட்டதாக நீ எழுதியதை அவளுக்கு நான்தான் இரண்டு தடவை படித்துக் காட்டினேன், கேட்டுக்கொண்டாள், சிரிக்கவில்லை. உனக்கு உடம்பு இன்னும் வெளுத்துப்போய்த்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தாய், ஈரல் வாங்கிச் சாப்பிடு, பிடிக்கவில்லை என்றாலும் வெங்காயம் போட்டு வதக்கிச் சாப்பிடு. உனக்கு அங்கே குளிர்காலம், இங்கே கோடை, மழை இல்லை. பழம் எல்லாம் ஒரேயடியாகப் பழுத்து மரத்தடியில் விழுந்து கிடக்கிறது, பறிக்க எனக்கு மனம் வரவில்லை, தோட்டம் முழுக்க குளவி.

பீச் பழத் திருவிழாவைப் பற்றித்தான் எழுத வேண்டும். அதை எங்கே இருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. உனக்கு நினைவிருக்கும் திருவிழா வேறு, நான் சொல்லப்போவது வேறு. நீயும் உன் தோழி ஹீதரும் பத்து வயதில் தேனீ வேடம் போட்டு டிரெய்லர் மேல் நின்றுகொண்டு போனது உனக்கு நினைவிருக்கும், உன் இறக்கை ஒன்று பிய்ந்து தொங்கியது, ஹீதர் அதைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே ஸ்டேஷன் தெரு முழுக்க வந்தாள், அவள் இறக்கையைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. பீச் ராணிப் போட்டியில் நீ இரண்டாவதாக வந்து மூன்று நாள் யாரோடும் பேசாமல் இருந்ததும், ஜெயித்தவளின் கிரீடம் மேடையிலேயே கழன்று ஜாம் அண்டாவுக்குள் விழுந்தது என்று கேட்டதும் நீ எழுந்து உட்கார்ந்து சாப்பாடு கேட்டதும் நினைவிருக்கும். கொட்டை துப்பும் போட்டியில் நான் தபால் ஆபீஸ் படி வரைக்கும் துப்பினேன் என்று நான் சொல்வேன், பாதித் தூரம்தான் என்று அம்மா சொல்வாள், அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. டாரல் அப்போது சின்னப் பயல், என் தோள் மேல் உட்கார்ந்துகொண்டு, "அப்பா, டிராக்டர், டிராக்டர்" என்று என் காதைப் பிடித்து இழுப்பான். மற்ற பிள்ளைகள் மிட்டாய்க்கு அழுதால் இவன் டிராக்டருக்கு அழுவான். உச்சி வெயிலில் தார் உருகிச் செருப்பில் ஒட்டும், தீயணைப்பு வண்டிக்காரர்கள் குழாயைத் திருப்பி ஊர்வலத்தின் மேல் தண்ணீர் அடிப்பார்கள், பிள்ளைகள் போடும் கூச்சல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும். வங்கிக்கு முன்னால் லாரி மேல் நின்று ஒலிபெருக்கியில் பேசுவது வருடா வருடம் நான். எதை எடுத்தாலும் சரி, இப்போது எனக்கு எல்லா நினைவும் அந்தத் தெருவில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது.

போன வருடம் நடந்ததை அம்மா உனக்கு எழுதினாள். பாதிதான் எழுதினாள் என்று எனக்குத் தெரியும், நீ வயிற்றில் பிள்ளையோடு இருந்ததால் அவள் மறைத்தாள். மீதியை நான் ஒரே ஒரு தடவை எழுதிவிடுகிறேன், இனிமேல் எழுத மாட்டேன். பள்ளிக்கூடத்து டிரெய்லரை இழுக்க டாரலைத்தான் கேட்டார்கள், இருபத்து மூன்று வயதுப் பையன்களில் அவனைப் போல நிதானமாக ஓட்டுகிறவன் இந்த வட்டாரத்தில் கிடையாது என்று விழாக் கமிட்டித் தலைவி ஆல்மா பிரூவிட்டே சொன்னாள். வைக்கோல் கட்டுகளின் மேல் பிள்ளைகள் பழ வேடத்தில் உட்கார்ந்திருந்தார்கள், ஹீதரின் மகள் லினெட் எல்லோருக்கும் முன்னால், மஞ்சள் கவுன், தோளில் பச்சைத் துணியில் வெட்டித் தைத்த இலை, ஹீதர் வாரம் முழுக்க உட்கார்ந்து தைத்தது. ஹார்டுவேர் கடைக்கு எதிரே தண்ணீர் அடித்தார்கள், பிள்ளைகள் எழுந்து குதித்தார்கள், அதே நேரம் டிரெய்லரின் சக்கரம் அங்கே இருக்கும் வடிகால் பள்ளத்தில் இறங்கி ஏறியது. குழந்தை லினெட் டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் விழுந்துவிட்டாள். நான் நின்ற இடத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை ரோஸ், நான் ஒலிபெருக்கியில், "இந்த வருஷம் நம்ம பள்ளிக்கூடத்துப் பழம் எல்லாம் நல்லா நனைஞ்சு போச்சு, காய வச்சு டப்பால அடைச்சிடலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன், ஜனங்கள் சிரித்தார்கள், சிரித்த முகங்கள் ஒவ்வொன்றாக மாறுவதைப் பார்த்துத்தான் நான் நிறுத்தினேன். டாரல் எஞ்சினை அணைத்துக் குதித்து டிரெய்லருக்கு அடியில் புகுந்துவிட்டான். ஆட்கள் ஓடி வந்து டிரெய்லரைத் தூக்கிப் பிடித்தபோது குழந்தை அவன் கையில் இருந்தது. விசாரணையில் யார் மேலும் குற்றமில்லை என்றார்கள், சக்கரம் ஏறிய அந்த நொடியே உயிர் போயிருக்கும், குழந்தைக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார், குழந்தை ஏதாவது பேசியதா என்று டாரலைக் கேட்டார்கள், இல்லை என்று சொன்னான். அதோடு முடிந்தது என்று கோப்பை மூடினார்கள்.

எங்களுக்கு முடியவில்லை. அவன் டிராக்டரைத் தொடுவதில்லை, பிறகு சைக்கிளையும் தொடுவதில்லை, எங்கே போனாலும் நடைதான், பிறகு எங்கேயும் போவதில்லை. பழத்தை டப்பாவில் அடைக்கும் கேனிங் ஆலையில் வேலைக்குத் திரும்பினான், அவன் சாப்பிட உட்கார்ந்த மேசையில் பேச்சு நின்றுபோகிறது என்று ஒரு நாள் சொன்னான், மறுநாளிலிருந்து போகவில்லை. யாரும் அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதை நான் சொல்ல வேண்டும். முதல் வாரம் எங்கள் வாசலில் கேக்கும் இறைச்சி வதக்கலும் மாற்றி மாற்றி வந்தது, பிறகு பாத்திரங்களைத் திரும்ப வாங்கக்கூட யாரும் வரவில்லை, அம்மா அவற்றைக் கழுவி அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறாள். ஒரு நாள் பாரில் என் பக்கத்தில் வந்து நின்ற ஒருவன், பேர் வேண்டாம், நீ அவன் தங்கையோடு படித்தவள், கண்ணாடி டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "பையனை வேற ஊருக்கு அனுப்பிடேன் கிளெம், அவனுக்கும் நல்லது, பாக்குற எங்களுக்கும் நல்லது" என்றான். நான் பாதிக் குடித்ததை அப்படியே வைத்துவிட்டு வந்தேன், அதற்குப் பிறகு அங்கே போகவில்லை. ஹீதரின் புருஷன் நெவில் சுரங்க வேலைக்கு வடக்கே போனான், முதலில் மாதம் ஒரு தடவை வந்தான், இப்போது வருவதில்லை. ஹீதர் மருந்துக் கடையில் வேலை செய்கிறாள், அம்மா தலைவலி மாத்திரைக்குக்கூட பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போகிறாள். நீ ஹீதருக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்று வருத்தப்பட்டாய், அவள் யாருக்கும் எழுதவில்லை ரோஸ், உன்னை மட்டும் ஒதுக்கினாள் என்று நினைக்காதே.

இந்த வருடம் திருவிழா வேண்டுமா வேண்டாமா என்று ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். நான் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள், கடைக்காரர்கள் நடத்த வேண்டும் என்றார்கள், கடைசியில் ஆல்மா எழுந்து, "நான் ஹீதரையே போய்க் கேட்டேன், நடத்துங்க, கண்டிப்பா நடத்துங்கன்னு சொல்லிட்டா" என்றாள். அதற்குப் பிறகு யார் பேசுவது. டிராக்டர் வேண்டாம், எல்லோரும் நடந்தே போகலாம் என்று முடிவானது. கூட்டம் கலைந்ததும் ஆல்மா என் பக்கம் வந்து கையைப் பிடித்து, "இந்த வருஷம் மைக்குல வேற யாராவது பேசட்டுமே கிளெம், உங்களுக்கும் கஷ்டமா இருக்கும்" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். என்ன ஆச்சு என்று அம்மா கேட்டாள், நடக்கப்போகிறது என்றேன், டாரல் அறைக் கதவு திறந்திருந்தது, கேட்டுக்கொண்டிருந்தான்.

திருவிழா அன்றைக்குக் காலையில் நாங்கள் திரைச்சீலையை இழுத்து விட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தோம். பேண்டு வாத்தியம் இரண்டு தெரு தள்ளி வாசிப்பது சமையலறையில் நன்றாகக் கேட்டது, அம்மா தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு ஏற்கெனவே கழுவிய தட்டையே கழுவிக்கொண்டிருந்தாள். டாரல் முகம் மழித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டு, தலையை வாரிக்கொண்டு வெளியே வந்தான். மாதக்கணக்கில் அவனை அப்படி நாங்கள் பார்க்கவில்லை. "எங்கடா போற?" என்று அம்மா கேட்டாள். "ஸ்டேஷன் தெருவுக்கும்மா" என்றான். "வேணாம்டா, இன்னைக்கு வேணாம்" என்றாள். "இன்னைக்குத்தாம்மா போகணும், இன்னைக்குப் போகலேன்னா நான் எப்பவும் போக மாட்டேன்" என்று சொல்லிக் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டான். நான் தொப்பியைக்கூட எடுக்காமல் பின்னாலேயே போனேன். கூட்டத்துக்குள் அவன் போகப் போக ஆட்கள் விலகினார்கள், தள்ளவில்லை, முறைக்கவில்லை, வழி விட்டார்கள், அவ்வளவுதான், அவன் ஹார்டுவேர் கடைக்கு எதிரே அந்த வடிகால் பக்கத்தில் போய் நின்றபோது அவனைச் சுற்றி ஒரு வீடு கட்டும் அளவு இடம் காலியாக இருந்தது. நான் அந்தக் காலி இடத்துக்குள் காலை வைக்க முடியாமல் ஓரத்தில் நின்றேன். பேண்டுக்காரர்கள் வாசித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார்கள், வாசித்த ராகம் குழம்பிப் போனது, ஆனால் நிறுத்தவில்லை.

அப்போது ஜாம் விற்கும் மேசைக்குப் பின்னாலிருந்து ஹீதர் வந்தாள். ஏப்ரன் கட்டியிருந்தாள், கை எல்லாம் ஜாம். நேரே அவன் முன்னால் வந்து நின்றாள். "வருவியான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள். அவன் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "எதுக்கு நடத்தச் சொன்னேன்னு நெனக்கிறே? ஜாம் விக்கவா? உன் வீட்டுக்கு வந்து கதவைத் தட்ட எனக்குத் தைரியம் இல்ல டாரல், நீயா வெளிய வந்தாத்தான் கேக்க முடியும்" என்றாள். "கேளு ஹீதர்" என்றான். "எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொல்றாங்க, டாக்டரும் பாதிரியாரும் நெவிலும், மனப்பாடம் பண்ண மாதிரி, அவளுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, ஒண்ணும் சொல்லலன்னு. அவங்க யாரும் அடியில இல்ல. நீ இருந்தே. நெஜத்தைச் சொல்லு. என் பொண்ணு ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டாள். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான் ரோஸ். என்ன செய்யட்டும் என்று கேட்கிற பார்வை, சின்ன வயதில் பல் ஆடினால் பார்ப்பானே, அப்படி. எனக்கு அவன் மனதில் அப்படி ஒன்று இருக்கிறது என்றே அந்த நிமிடம் வரை தெரியாது. அவன் அவளைப் பார்த்து மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னான், "சொன்னா. டிரஸ் அழுக்காயிடுச்சு, அம்மாகிட்ட சொல்லிடாதேன்னு சொன்னா."

ஹீதர் அழவில்லை. காலுக்குக் கீழே இருந்த தாரைக் கையால் தொட்டுப் பார்ப்பது போலக் குனிந்தாள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள், அந்தக் கொதிக்கிற தாரில். பிறகு அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, அதை நான் எழுத மாட்டேன். டாரலும் அவள் பக்கத்தில் மண்டி போடப் போனான், அதற்குள் பெண்கள் ஓடி வந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள், ஆல்மா அவனை இரண்டு கையாலும் நெஞ்சில் பிடித்துத் தள்ளி, "இன்னும் என்னடா மிச்சம் இருக்கு அவகிட்ட, அதையும் புடுங்கிக்க வந்தியா? ஒரு பொய் சொன்னா உன் வாய் வெந்தா போயிடும்? போடா, போயிடு இங்கேருந்து" என்று கத்தினாள். ஒரு வருடமாக இந்த ஊர் வாய்க்குள்ளேயே வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு சத்தத்தில் வெளியே வந்தது போல இருந்தது. யாரும் அவளைத் தடுக்கவில்லை. நான் அவன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அவன் சாப்பிட்டான். அம்மா வைத்த குளிர்ந்த ஆட்டிறைச்சியும் தக்காளியும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், எனக்கு அதைப் பார்த்து ஒரு நிம்மதிகூட வந்தது, என்ன மனிதன் நான். "நான் சொல்லியிருக்கக் கூடாதுப்பா" என்றான். "அவ கேட்டா, நீ சொன்னே" என்றேன். "அவ உக்காந்ததைப் பாத்தீங்களா, ரெண்டாவது தடவையும் அவளை உடைச்சது நான்தான்" என்றான். தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போனான். விடிந்து அம்மா தேநீர் கொண்டுபோனபோது படுக்கை மடித்திருந்தது, ஆள் இல்லை. வாசல் கேட்டைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போயிருக்கிறான். பஸ் ஓட்டுகிறவனைக் கேட்டேன், ஏறவில்லை என்றான். ரயில் நிலையத்திலும் யாரும் பார்க்கவில்லை. போலீஸ்காரரிடம் போனேன், "வயசு வந்த பையன், தானா போனதுக்கு நான் என்ன பண்ண கிளெம்" என்றார், ஆனாலும் மனிதர் நல்லவர், சாயங்காலம் படகை எடுத்துக்கொண்டு ஆற்றில் கீழே வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார், எதற்குப் போனார் என்று அம்மாவிடம் நாங்கள் இருவருமே சொல்லவில்லை. ஆட்டுக்கு உரோமம் கத்தரிக்கும் கொட்டகைகள், பழம் பறிக்கிறவர்கள் தங்கும் முகாம்கள், பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி என்று எல்லா இடமும் ஏறி இறங்கிவிட்டேன். அவன் எடுத்துக்கொண்டு போனது மாற்றுத் துணி கொஞ்சமும், நீ போன கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய கம்பளிக் கோட்டும்தான். இந்த வெயிலில் கம்பளிக் கோட்டை யார் எடுத்துக்கொண்டு போவார்கள் என்று அம்மா கேட்கிறாள், அவன் ரோஸ்லினிடம்தான் போகிறான், துறைமுகத்துக்குப் போய் ஏதாவது கப்பலில் வேலைக்குச் சேர்ந்து அங்கே வந்துவிடுவான் என்று சொல்கிறாள், சொல்லிச் சொல்லி அதுவே அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. கனமான கோட்டை ஒருவன் ஆற்றுப் பக்கம் எடுத்துக்கொண்டு போக இன்னொரு காரணமும் உண்டு. அதை நான் அவளிடம் சொல்வதில்லை, தினமும் காலையில் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கரையோரமாகவே போகிறேன், நாணலை விலக்கி விலக்கிப் பார்க்கிறேன், ஒன்றும் இல்லை என்று வீட்டுக்குத் திரும்பும்போது எனக்குச் சந்தோஷமா துக்கமா என்றே தெரிவதில்லை. மகளே, இதை உனக்கு எழுதக் கூடாது, எழுதிவிட்டேன், யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

இனிமேல் எழுதப்போவதுதான் முக்கியம், அதற்காகத்தான் இவ்வளவும். போன வியாழக்கிழமை மத்தியானம் யாரோ கொசுவலைக் கதவுக்கு வெளியே நின்றார்கள், பார்த்தால் ஹீதர். அம்மா கதவைத் திறக்கவில்லை, வலைக்கு உள்ளே நின்றபடியே, "இன்னும் என்னம்மா வேணும்? அவன் போயிட்டான். எல்லாரும் போகச் சொன்னீங்க, போயிட்டான்" என்றாள். உன் அம்மா யாரிடமும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஹீதருக்கு அவன் போனதே தெரியாது, ஒரு வாரமாக அவள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லையாம், முகத்தில் இருந்த கொஞ்சம் நிறமும் போய்விட்டது. "நான் போகச் சொல்லல ஆன்ட்டி, நான் அவனைப் பாக்க வந்தேன்" என்றாள். நான் கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே வந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, நீங்கள் இரண்டு பேரும் சின்ன வயதில் உட்கார்ந்து சண்டை போடும் அதே பக்கத்தில், கையை மேசை மேல் வைத்துக்கொண்டு பேசினாள். "ஒரு வருஷமா லினெட் ஒண்ணும் சொல்லாம போயிட்டான்னு சொன்னாங்க அங்கிள். என் பொண்ணு ஒண்ணும் சொல்லாம எங்கயும் போக மாட்டா, பக்கத்து ரூமுக்குப் போனாக்கூட சொல்லிட்டுத்தான் போவா. அவங்க சொன்ன குழந்தை யாரோ மாதிரி இருந்துச்சு. டாரல் சொன்னப்பத்தான் அது அவதான்னு தெரிஞ்சுது. அவ குரலே கேட்டுச்சு எனக்கு. போனவாரம் முழுக்க அதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தேன். திட்டுவேன்னு பயந்தாளேன்னு நெனச்சா நெஞ்சு வெடிக்குது, ஆனா அவ பயந்தது என்கிட்டதானே, என் நெனப்பு இருந்துச்சுல்ல அவளுக்கு" என்றாள். அம்மா அவள் பின்னால் போய் நின்றாள், தோளில் கை வைக்கத் தூக்கினாள், வைக்கவில்லை, பிறகு வைத்தாள். ஹீதர், "ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான் அங்கிள் வந்தேன். அவ அப்படிச் சொன்னதும் டாரல் அவளுக்கு என்ன பதில் சொன்னான்? ஏதாவது சொன்னானா? அம்மா திட்ட மாட்டாங்கன்னு சொன்னானா? அது கேக்காம நான் அங்கேயே உக்காந்துட்டேன். அது தெரியணும் எனக்கு" என்றாள்.

எங்களுக்கு எப்படித் தெரியும். அவனுக்கு மட்டும்தான் தெரியும். நான் அவளிடம் அதைத்தான் சொன்னேன். "அப்ப அவன் வரட்டும், நான் இருக்கேன், இந்த ஊரை விட்டு எங்கயும் போகல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள், வாசல் கேட் வரைக்கும் அம்மா கூடவே போனாள். மறுநாள் ஆல்மா ஒரு கேக்கை அனுப்பினாள், அதை நாங்கள் தொடவில்லை, வாசலிலேயே இருக்கிறது, எறும்பு மொய்க்கிறது. அடுத்த வருடத்திலிருந்து திருவிழா கிடையாது என்று கமிட்டி முடிவு செய்துவிட்டதாம், இனி நடந்தால் என்ன, நடக்காவிட்டால் என்ன.

ரோஸ், இந்த விமானத் தபால் எந்தக் கப்பலுக்கும் முன்னால் உன்னிடம் வந்துவிடும். அம்மா நினைப்பதுதான் நடக்கும் என்று நான் நம்பவில்லை, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், எனக்கு நம்பிக்கை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் ஒருவேளை அவன் உன் வாசலில் வந்து நின்றால், அல்லது எங்கிருந்தாவது ஒரு வரி எழுதினால், அப்பா அம்மா அழுகிறார்கள் என்று சொல்லாதே, ஏன் போனாய் என்று கேட்காதே, சாப்பாடு போடுவதற்குக்கூட முன்னால் இதைச் சொல்லிவிடு, அவன் அவளை உடைக்கவில்லை என்று சொல், ஹீதர் அவனைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள் என்று சொல். அவன் நம்ப மாட்டான், அவனைச் சமாதானப்படுத்த நாம் சொல்லும் பொய் என்று நினைப்பான், அப்போது இந்தக் கடிதத்தையே அவன் கையில் கொடு. நீ இப்போது கிளம்பி வர வேண்டாம், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வந்து நீ என்ன செய்யப்போகிறாய், ஈவனுக்கும் கஷ்டம். ஹீதருக்கு மட்டும் இன்னொரு கடிதம் எழுது, பதில் வராவிட்டாலும் எழுது.

உனக்கும் ஈவனுக்கும் கடவுள் துணை இருக்கட்டும், அலெக் நோய் நொடி இல்லாமல் நன்றாக வளரட்டும், அவன் நெற்றியில் எங்கள் இருவருக்காகவும் ஒரு முத்தம் கொடு. அம்மா இப்போது என் பின்னால் வந்து நிற்கிறாள், தன்னுடைய அன்பையும் எழுதச் சொல்கிறாள், அங்கே இரவில் கதவைத் தட்டினால் உங்களுக்குக் கேட்குமா என்று கேட்டு எழுதச் சொல்கிறாள். கேட்கும் என்று உடனே பதில் போடு. மற்றதெல்லாம் மறந்தாலும் டாரலிடம் சொல்ல வேண்டியதை மறந்துவிடாதே, குழந்தைக்கு அவன் என்ன பதில் சொன்னான் என்று தெரிந்துகொள்ள அதன் அம்மா காத்திருக்கிறாள், அதைச் சொல்ல இந்த உலகத்தில் அவனை விட்டால் வேறு ஆள் இல்லை.

என்றும் உன் அன்பு அப்பா,
கிளெம் ஹார்கிரேவ்